காத்திருந்த பாகம் ஏமாற்றிவிட்டால் என்ன செய்யலாம்

ஆறு வருடம் காத்திருந்த புத்தகம். அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரம், வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ராத்திரியில்கூட சுவர் சுடும், அதனால் கொசப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பாய் போட்டுக் கொசுவர்த்தி ஏற்றி, கரண்ட் போனபோது செல்போன் வெளிச்சத்திலும் படித்து, மூன்றே ராத்திரியில் அறுநூற்றுச் சொச்சம் பக்கத்தை முடித்தேன். கடைசிப் பக்கத்தை மூடும்போது மணி மூன்றரை. முதலில் கோபம்கூட வரவில்லை. நெருங்கிய சிநேகிதன் ஊரிலிருந்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய்விட்ட மாதிரி இருந்தது. கோபம் விடிந்த பிறகுதான் வந்தது. அப்புறம் ஒரு மாசத்துக்கு அது இறங்கவில்லை.

எந்தத் தொடர் என்று சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் இன்னும் நாலாம் பாகத்தில் இருக்கிறார்கள், அவர்கள் கண்ணில் எதுவும் பட்டுவிடக் கூடாது. இது ஐந்தாம் பாகம், மந்திரமும் மறந்துபோன ராஜ்யங்களும் உள்ள உலகம், இவ்வளவு போதும். நான் இங்கே எழுதுவது, இப்படி ஒரு ஏமாற்றம் வந்தால் அதை என்ன செய்வது என்பதை. நான் செய்த ஒரு பெரிய தப்பையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் அதைச் செய்யக் கூடாது.

அந்தத் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அக்கா பெண் குடியாத்தத்தில் பிளஸ் ஒன் படிக்கிறாள். இந்தத் தொடரை அவளுக்குப் பழக்கியது நான்தான். முதல் பாகத்தை அவள் ஏழாவது படிக்கும்போது பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தேன், ஒவ்வொரு லீவுக்கும் அடுத்த பாகம். ஐந்தாம் பாகத்துக்காக உண்டியலில் காசு சேர்த்து வைத்திருந்தாள். நான் முடித்த அன்று காலையில் போன் பண்ணி, "மாமா, முடிச்சிட்டீங்களா? எப்பிடி கீது?" என்றாள். நான் ஒரே வார்த்தையில் "குப்பை" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் "சரி மாமா" என்று வைத்துவிட்டாள். அவள் அப்போதுதான் முதல் அத்தியாயத்தில் இருந்தாள். இரண்டு வாரம் புத்தகத்தைத் தொடவில்லை என்று அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு புத்தகம் எனக்குத் தந்த வருத்தத்தை நான் ஒரு குழந்தையின் தலையில் இறக்கி வைத்துவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கேட்பதில்லை.

அதனால் முதல் வேலை, வாயை மூடிக்கொள்வது. குறைந்தது இரண்டு நாள். வாட்ஸ்அப் குரூப்பில் ஸ்டேட்டஸ் போடாதீர்கள், யாராவது எப்படி இருக்கிறது என்று கேட்டால் "இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன், நீ படித்து முடி, பேசலாம்" என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை. தூக்கம் இல்லாத தலையில் வரும் தீர்ப்பை நம்பக் கூடாது. என்ன நிலைமையில் படித்தீர்கள் என்று ஒரு நிமிஷம் திரும்பிப் பாருங்கள்: எத்தனை மணிக்கு, எவ்வளவு வேகத்தில், நடுவில் எத்தனை தடவை போனை எடுத்தீர்கள். முதல் மூன்று பாகங்களை நான் படித்தது காட்பாடியிலிருந்து சென்னைக்கு வேலைக்குப் போய்வந்த காலத்தில், காலையில் ஏலகிரி எக்ஸ்பிரஸில். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது பக்கம், மீதி நேரமெல்லாம் அதையே அசை போட்டபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஐந்தாம் பாகத்தை மட்டும் ஒரு நாளைக்கு இருநூறு பக்கம் விழுங்கினேன். அதே பசி, ஆனால் மெல்லவே இல்லை. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை என்று எனக்கே பிற்பாடுதான் உறைத்தது.

மூன்றாம் நாள் ஒரு நோட்டு எடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் நாற்பது பக்க நோட்டு போதும். புத்தகத்தைத் திறக்காமல், ஞாபகத்திலிருந்து, உங்களைக் குத்திய ஒவ்வொன்றையும் ஒரு வரியில் எழுதுங்கள். "முடிவு பிடிக்கவில்லை" என்று பொதுவாக எழுதினால் பிரயோஜனம் இல்லை. எந்த அத்தியாயம், யார் என்ன செய்தார், எந்த இடத்தில் உங்களுக்குச் சுருக்கென்றது என்று எழுத வேண்டும். எனக்குப் பதினேழு வந்தது. எழுதி முடித்ததும் பாதி பாரம் இறங்கிய மாதிரி இருந்தது, ஏனென்றால் அதுவரை தொடரே நாசமாகிவிட்டது என்றுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது, இப்போது அது எண்ணக்கூடிய பதினேழு குறைகளாகச் சுருங்கிவிட்டது.

அதே நோட்டில் எதிர்ப்பக்கத்தில், இந்தப் பாகத்தில் என்ன நடக்கும் என்று காத்திருந்த காலமெல்லாம் எதிர்பார்த்தீர்களோ அதை எழுதுங்கள். இது கஷ்டமான பக்கம். ஆறு வருடத்தில் நாங்கள் நாலு நண்பர்கள் எத்தனை தியரி பேசியிருப்போம், கோட்டை அகழி ஓரம் உட்கார்ந்து, சுண்டல் வாங்கி வைத்துக்கொண்டு, அந்தக் குருடன் உண்மையில் யார், அந்தப் பெண்ணின் அம்மா உயிரோடு இருக்கிறாளா என்று. பேசிப் பேசி அது எங்கள் மனதில் நடந்து முடிந்தே விட்டது. எழுத்தாளர் எழுதாத ஒரு ஐந்தாம் பாகத்தை நாங்கள் ஏற்கனவே படித்திருந்தோம், அச்சில் வந்தது அதுபோல இல்லை. காத்திருக்கும் காலம் நீண்டால் இப்படித்தான் ஆகும். படிக்கிற ஆளும் மாறிவிடுகிறான், நாலாம் பாகம் வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை.

இப்போது பதினேழையும் பிரிக்க வேண்டும். இங்கேதான் நிதானம் வேண்டும், ஒவ்வொரு வரிக்கும் ஒரே ஒரு கேள்வி: இது கதை தன் சொந்த விதியை மீறியதா, அல்லது என் ஆசையை மீறியதா?

எங்கள் பக்கத்தில் இதைப் புரிய வைப்பது சுலபம். வட ஆற்காட்டுக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும்போது பகலில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரியில் கூத்து. கதை என்னவென்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். கர்ணன் சாவான், துரியோதனன் தொடை பிளந்து விழுவான், பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள். யாரும் இதில் ஆச்சரியத்தை எதிர்பார்த்து வருவதில்லை. ஆனாலும் விடிய விடிய உட்கார்ந்து பார்த்துவிட்டு, காலையில் டீக்கடையில் ஒரு அலசு அலசுவார்கள். என் தாத்தா அப்படி அலசுகிறவர்களில் ஒருவர். கூத்தில் கர்ணன் சாவதைப் பற்றி ஒரு நாளும் குறை சொல்ல மாட்டார், அவன் சாகத்தான் வேண்டும். கவச குண்டலத்தைக் கொடுத்த கையோடு இன்னொரு இடத்தில் ஏதோ சில்லறைக்காகப் பேரம் பேசுகிற மாதிரி ஒரு வசனம் வந்துவிட்டால் மட்டும் கொதித்துப் போவார். "கர்ணன் அப்படிப் பேசுவானா?" அவ்வளவுதான் அவருடைய விமர்சனம், அதில் எல்லாம் அடங்கியிருந்தது.

இன்னொரு விஷயத்தையும் கூத்திலிருந்தே எடுக்கலாம். கர்ண மோட்சத்தில் பொன்னுருவி வருவாள், கர்ணனின் மனைவி, அவன் பிறப்பைச் சொல்லிக் குத்திக்காட்டுவாள், அவன் போருக்குப் புறப்படும் நேரத்தில்தான் அவளுக்கு உண்மை விளங்கும், பார்க்கிற பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். வியாச பாரதத்தில் பொன்னுருவி என்ற பெயரே கிடையாது. அவள் நம் ஊரில் பிறந்தவள். யாராவது இது மூலத்தில் இல்லை என்று எழுந்து போகிறார்களா? போவதில்லை, ஏனென்றால் கர்ணன் யார் என்பதை அவள் கெடுக்கவில்லை, இன்னும் ஆழமாகக் காட்டுகிறாள். ஆகவே புதிதாக ஒன்று வந்தது என்பதே குற்றம் ஆகாது. அந்த உலகத்தின் தர்மத்தோடு அது பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி.

மிகுபுனைவுக்கு, அதாவது மந்திர உலகக் கதைகளுக்கு, இந்தக் கேள்வி மற்ற கதைகளைவிட முக்கியம். குடும்பக் கதையில் ஒருவர் மாடியிலிருந்து விழுந்தால் கால் உடையும் என்று நமக்கே தெரியும். மந்திர உலகத்தில் எது உடையும், எது உடையாது என்று எழுத்தாளர் சொன்னால்தான் உண்டு. சொன்ன பிறகு அது அவரையும் கட்டும். ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் இதை எவ்வளவு கறாராக எடுத்துக்கொண்டார் என்று பாருங்கள். 1937-இல் வந்த "தி ஹாபிட்" முதல் பதிப்பில் புதிர்ப் போட்டியில் தோற்றால் மோதிரத்தைப் பரிசாகக் கொடுத்துவிடுகிறேன் என்று கொல்லம் என்ற குகைவாசி தானாகவே ஒப்புக்கொள்வான். பிறகு எழுதிய "தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்" என்ற பெரிய கதையில் அந்த மோதிரம் யாரும் மனசார விட்டுக்கொடுக்க முடியாத பொருளாக மாறிவிட்டது. அப்படியானால் பழைய அத்தியாயம் இடிக்கும். 1951 பதிப்பில் அந்த அத்தியாயத்தையே திருத்தி எழுதினார், முதலில் அச்சானது கதாநாயகன் பில்போ சொன்ன பொய் என்று கதைக்குள்ளேயே காரணமும் வைத்தார். விதி மாறினால் மாறியதற்குக் கணக்கு சொல்ல வேண்டும் என்று ஓர் எழுத்தாளர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட கட்டாயம் அது. நாம் எதிர்பார்ப்பதும் அவ்வளவுதான்.

என் தொடரில் மந்திரம் போட்டவர் அதற்கு ஒரு விலை கொடுத்தாக வேண்டும். நாலு பாகமும் அந்த ஒரு விதியின் மேல்தான் நின்றன, அந்த விலையைக் கொடுத்துத்தான் மூன்றாம் பாகத்தில் கிழட்டு வாத்தியார் செத்தார், நான் ரயிலில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன். ஐந்தாம் பாகத்தில் நாயகன் ஒரே அத்தியாயத்தில் ஏழு மந்திரம் போடுகிறான், ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் அந்த வாத்தியார் எதற்குச் செத்தார்? என் பதினேழில் முதல் குறை இதுதான், சிவப்பு மையில் எழுதியிருந்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருகிறேன்.

ஆட்கள் மாறிப்போவது அடுத்த வகை. தைரியசாலி பயந்தால் உடனே எழுத்தாளர் கெடுத்துவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள், மனிதர்கள் மாறுகிறார்கள். மாறுவதற்கு நடுவில் ஏதாவது நடந்ததா என்று மட்டும் பாருங்கள். நடந்தது கதையில் இருந்தால் அது வளர்ச்சி. கதை நகர்வதற்கு ஆள் தேவைப்பட்டதால் மட்டும் புத்திசாலி ஒரு அத்தியாயத்துக்கு முட்டாள் ஆனால் அது எழுத்தாளரின் அவசரம். இதைக் கண்டுபிடிக்க நான் செய்தது, அந்த ஆள் வரும் இடங்களை மட்டும் பழைய பாகங்களிலிருந்து வரிசையாகப் படித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும்.

வெளிக் காரணங்களையும் பாருங்கள், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் "எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்" தொடரில் மூன்றாம் பாகம் 2000-இல் வந்தது, நாலாம் பாகம் 2005-இல். ஐந்து வருடம் காத்திருந்து திறந்தவர்களுக்கு முக்கியப் பாத்திரங்களான டிரியன், டேனரிஸ், ஜான் ஸ்நோ மூவரின் பார்வையில் ஒரு அத்தியாயம்கூட இல்லை. எவ்வளவு கொதித்திருப்பார்கள்! ஆனால் காரணம், கையெழுத்துப் பிரதி ஒரே புத்தகத்தில் அடங்காத அளவுக்குப் பெருத்துவிட்டது, அதைக் காலத்தை வைத்துப் பிரிக்காமல் இடத்தை வைத்துப் பிரித்தார், அவர்கள் மூவரும் இருந்த பகுதி அடுத்த புத்தகத்துக்குப் போய்விட்டது. நம் வட ஆற்காடு மாவட்டத்தை 1989-இல் பிரித்தபோது திருவண்ணாமலை அந்தப் பக்கம் போனதே, அது போல. ஊர் எங்கும் போகவில்லை, வேறு பெயரில் இருக்கிறது. அந்த அடுத்த புத்தகம் 2011-இல்தான் வந்தது என்பது வேறு விஷயம், அந்த ஆறு வருடத்தை எந்த விளக்கமும் ஈடுகட்டாது. ஆனாலும் ஆளைக் காணோம் என்பதும் ஆளைக் கொன்றுவிட்டார் என்பதும் ஒன்றில்லை.

தமிழ் மொழிபெயர்ப்பில் படித்தவர்கள், முடிந்தால் உங்களைக் குத்திய அந்த நாலைந்து இடங்களை மட்டுமாவது மூலத்தோடு ஒத்துப் பாருங்கள், அல்லது ஆங்கிலத்தில் படித்த யாரையாவது கேளுங்கள். ஒரே ஆளுக்கு இரண்டு பாகத்தில் இரண்டு விதமாகப் பெயர் எழுதியிருப்பார்கள், கிண்டலாகச் சொன்னதைக் கோபமாக ஆக்கியிருப்பார்கள். எழுத்தாளரே மாறியிருக்கலாம் என்பதையும் கவனியுங்கள். "தி வீல் ஆஃப் டைம்" தொடரை எழுதிய ராபர்ட் ஜோர்டன் 2007-இல் இறந்த பிறகு அவருடைய குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் கடைசி மூன்று பாகங்களை எழுதி 2013-இல் முடித்தார். நடை மாறத்தான் செய்யும், அங்கே குறையைத் தேடும்போது யாரிடம் எதைக் கேட்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து மறுவாசிப்பு. இதைத் தவிர்க்காதீர்கள், பிடிக்காத புத்தகத்தை இன்னொரு தடவையா என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. ஒரு மாதம் இடைவெளி விடுங்கள். முதலில் முந்தைய பாகத்தின் கடைசி நூறு பக்கம், அப்புறம் புதிய பாகம், ஒரு நாளைக்கு முப்பது பக்கத்துக்கு மேல் வேண்டாம். கையில் பென்சில். உங்கள் நோட்டிலுள்ள குறை வரும் இடத்தில் ஓரத்தில் ஒரு எண், அதைத் தவிர, பிடித்த இடத்தில் ஒரு கோடு. பிடித்த இடத்தில் கோடு போடுவது முக்கியம், கோபத்தில் நாம் அதை எல்லாம் தாண்டி ஓடியிருப்போம். நான் காலையில் வெயில் ஏறுவதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டேன், காபியோடு.

எட்டாம் அத்தியாயத்தில் நாயகனின் தங்கை சாவியை வைத்த இடத்தை மறந்துவிட்டுத் தேடுகிறாள். பதினைந்தில் அம்மாவின் பாட்டில் ஒரு வரியை மறக்கிறாள். இருபத்திரண்டில் அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் சமாளிக்கிறாள். முதல் வாசிப்பில் இதெல்லாம் என் கண்ணில் படவே இல்லை, ராத்திரி இரண்டு மணிக்குப் போர் எப்போது வரும் என்று பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவன் போட்ட ஏழு மந்திரத்துக்கும் விலையை அவள் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவனுக்கே அது தெரியாது. புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன். நான் சிவப்பு மையில் எழுதிய குறைதான் அந்தப் பாகத்தின் மிகச் சிறந்த வேலையாக இருந்தது.

எல்லாம் இப்படிச் சரியாகிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். என் கணக்கைச் சொல்கிறேன். பதினேழில் ஆறு வெறும் ஆசை, நாங்கள் அகழி ஓரம் கட்டிய கதை நடக்கவில்லை என்ற வருத்தம், அவற்றை அடித்துவிட்டேன். ஐந்து நான் வேகமாகப் படித்ததால் வந்தவை. இரண்டு பதிப்பாளர் பக்கத்துக் கோளாறு, வரைபடம் தப்பாக அச்சாகியிருந்தது, ஒரு அத்தியாயத் தலைப்பு முன்கூட்டியே ரகசியத்தைக் காட்டிக்கொடுத்தது. மீதி நாலு அப்படியே நின்றன. அதில் ஒன்று, செத்துப்போன படகோட்டி காரணமே இல்லாமல் திரும்பி வருவது. மூன்று தடவை தேடிப் பார்த்தேன், ஒரு குறிப்புகூட முன்னால் இல்லை. அந்த நாலையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், அவை உண்மையான குறைகள், யார் கேட்டாலும் பக்க எண்ணோடு சொல்வேன்.

உர்சுலா லெ குவினின் எர்த்ஸீ தொடரைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் காலம் ஒரு பாகத்தை என்ன செய்யும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1968-க்கும் 1972-க்கும் நடுவில் மூன்று புத்தகம், பெரிய மந்திரவாதி, கடல், டிராகன். பதினெட்டு வருடம் கழித்து 1990-இல் நாலாவது, "தெஹானு". திறந்தால் அந்த மந்திரவாதிக்கு மந்திரமே போய்விட்டது. கதை ஒரு விதவையின் பண்ணை வீட்டில், தீயில் கருகிய ஒரு பெண் குழந்தையை வளர்ப்பதைச் சுற்றி நடக்கிறது, பாத்திரம் கழுவுவதும் ஆடு மேய்ப்பதுமாக. சாகசத்தை எதிர்பார்த்து வந்த பல வாசகர்கள் மனம் நொந்தார்கள். அதே புத்தகம் அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் தரும் நெபுலா விருது வாங்கியது, இன்றைக்குத் தொடரிலேயே அதுதான் ஆழமானது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அதைக் கல்லூரியில் படித்தபோது பாதியில் மூடிவிட்டேன். எனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்த பிறகு படித்தேன், அந்த வீட்டை விட்டு வெளியே வர மனமில்லை. அதனால் அடித்துப் போட்ட குறைகளையும் கிழித்து எறியாதீர்கள், நோட்டை வைத்திருங்கள், பத்து வருடம் கழித்துப் பார்க்கலாம்.

இவ்வளவும் செய்த பிறகு பேசுங்கள், தாராளமாக. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்வதில் எந்தத் தப்பும் இல்லை, காசு கொடுத்து, வருடக்கணக்கில் மனசையும் கொடுத்திருக்கிறோம். எழுதும்போது முதல் வரியிலேயே, இதில் கதை வெளியாகும், படிக்காதவர்கள் இங்கேயே நிற்கவும் என்று போடுங்கள். ரசனைக் குறையை "எனக்கு" என்று தொடங்குங்கள், விதிக் குறையைப் பக்க எண்ணோடு எழுதுங்கள், இரண்டையும் ஒரே பத்தியில் கலக்காதீர்கள், கலந்தால் வலுவான குறையும் வலுவிழந்துபோகும். எழுத்தாளரின் வயதை, உடம்பை, பணத்தை இழுக்க வேண்டாம். கதை சீரியலாக வந்தால் அதில் வரும் நடிகர்களைத் திட்டுவது அதைவிட மோசம், அவர்கள் எழுதிக் கொடுத்ததைப் பேசியவர்கள். மார்ட்டின் கதையை வைத்து எடுத்த "கேம் ஆஃப் த்ரோன்ஸ்" சீரியலின் கடைசி சீசன் 2019-இல் ஆறே எபிசோடில் முடிந்தபோது, மறுபடி எடுக்கச் சொல்லிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். அந்தச் சீசன் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நியாயமான, நுணுக்கமான விமர்சனங்களும் அப்போது வந்தன, அவற்றைத்தான் நான் இன்றைக்கும் தேடிப் படிக்கிறேன்.

பிடித்தவர்களோடு சண்டை போடாதீர்கள். எங்கள் நாலு பேரில் ஒருவன், சத்துவாச்சாரியில் இருக்கிறான், அவனுக்கு இந்தப் பாகம்தான் ஐந்திலும் சிறந்தது. நான் என் நாலு குறைகளைச் சொன்னேன், மூன்றை ஒப்புக்கொண்டான். "ஆனா அந்தப் படகுக்காரன் திரும்பி வந்தப்ப எனக்கு சந்தோஷமா இருந்ததுடா, நான் இன்னா பண்றது?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவன் அப்பா போன வருடம் தவறிவிட்டார்.

தொடரைத் தொடர்வதா விடுவதா என்று கேட்டால், விடலாம். நாலாம் பாகத்தோடு என் கதை முடிந்தது என்று வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமை உண்டு, யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். கதை முடிந்த விதம் போதவில்லை என்றால் நீங்களே ஒரு அத்தியாயம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வெளியே காட்ட வேண்டிய அவசியம்கூட இல்லை. இது இன்று நேற்று வந்த ஏக்கம் இல்லை. 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வந்த பொன்னியின் செல்வன் முடிந்தபோதே, சட்டென்று முடித்துவிட்டீர்கள், இன்னார் கதி என்ன ஆயிற்று என்று வாசகர்கள் குறைபட்டார்கள். கல்கி முடிவுரை எழுதி, கதைக்கு அப்புறம் யார் என்ன ஆனார்கள் என்று சொன்னார். வாரா வாரம் காத்திருந்து படித்தவர்களின் வருத்தத்தை அவர் அலட்சியம் செய்யவில்லை. அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆறாம் பாகத்துக்கு நான் காத்திருக்கத்தான் போகிறேன். இந்தத் தடவை ஒரே ஒரு வேலை முன்கூட்டியே செய்துவிட்டேன், நீங்களும் செய்யுங்கள்: அடுத்த பாகத்தில் என்ன நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேனோ அதை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கவரில் ஒட்டி, ஐந்தாம் பாகத்தின் கடைசி அட்டைக்குள் வைத்து பீரோவில் பூட்டிவிட்டேன். புத்தகம் வரும்போது முதலில் கவரைப் பிரித்துப் படிப்பேன், எது என் ஆசை என்று தெரிந்துகொண்டு, அப்புறம்தான் முதல் அத்தியாயம்.

அக்கா பெண் விஷயம். குடியாத்தம் பஸ் ஏறி நேரிலேயே போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், நான் அவசரப்பட்டுச் சொன்னது, எட்டாம் அத்தியாயத்திலிருந்து மெதுவாகப் படி, வேறு எதுவும் சொல்ல மாட்டேன் என்று. ஒன்றும் பேசாமல் தலையை ஆட்டினாள். பத்து நாள் கழித்து ராத்திரி பதினொன்றுக்கு மெசேஜ் வந்தது: "மாமா, தங்கச்சிக்கு என்னமோ ஆவுது. சாவி எங்க வெச்சான்னு அவளுக்கே தெரியல. சொல்லாதீங்க, நானே கண்டுபுடிக்கிறேன்."

நான் எதுவும் சொல்லவில்லை. அவள் இப்போது பதினான்காம் அத்தியாயத்தில் இருக்கிறாள்.